தங்கச்சிமடத்து மாடிக்குச் சூரியனைப் பின்தொடரும் பேனல் தேவையா?

கேள்வி: தங்கச்சிமடத்தில், வடகடலிலிருந்து 500 மீட்டர் தள்ளி எங்கள் வீடு. ஒற்றை மாடி, காங்கிரீட் தளம், மேலே தட்டோடு பதித்திருக்கிறது. 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் 540 வாட் பேனல் 6-உம் போட விலை வாங்கியிருக்கிறோம். சாதாரண ஸ்டாண்டு வேண்டாம், மாடியில் ஒற்றைக் கம்பம் நட்டு, சூரியன் போகும் பக்கமெல்லாம் தானாகத் திரும்பும் இரட்டை அச்சு டிராக்கரில் 6 பேனலையும் மாட்டினால் 40 சதவீதம் கூடுதல் மின்சாரம் வரும் என்கிறார் விற்பனைக்கு வந்தவர். அதற்கு மட்டும் ₹1,10,000 கூடுதல். வீட்டுக்கு மேற்கே 12 மீட்டர் தள்ளி, பக்கத்து மனையில் 15 மீட்டர் உயரத்தில் 4 தென்னை நிற்கிறது. அடுத்த வீட்டில் மூன்று ஆண்டுக்கு முன் போட்ட ஸ்டாண்டு இப்போதே துருப்பிடித்து உதிர்கிறது. டிராக்கர் போடலாமா? வேண்டாம் என்றால் ஸ்டாண்டை எப்படிச் செய்யச் சொல்வது?

பதில்: ஐயா, டிராக்கர் வேண்டாம். அந்த ₹1,10,000-இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்து அதே கூடுதல் மின்சாரத்தை எடுத்துவிடலாம். மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை ஸ்டாண்டின் ஜிங்க் பூச்சுக்கும் நட்டு போல்ட்டுக்கும் போடுங்கள். உங்கள் தீவில் சோலார் அமைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் அந்த 40 சதவீதம். காற்றே இல்லாத உலகில், உச்சியைக் கடந்து போகும் சூரியனை நாள் முழுக்க நேருக்கு நேர் பார்க்கும் பேனல், தரையோடு படுத்திருக்கும் பேனலைவிட 57 சதவீதம் அதிக ஒளியைப் பெறும். இது வெறும் வடிவக் கணக்கு. நிஜத்தில் காலை 7 மணிச் சூரியனின் கதிர், உச்சிவேளைக் கதிரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு காற்றைக் கடந்துதான் பேனலுக்கு வருகிறது. அதிலேயே பெரும்பகுதி வலு போய்விடும். மேகமில்லாத ஒரு நாளில் அளந்தால் டிராக்கருக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காட்டுவது உண்டு. அந்த ஒரு நாளின் எண்ணை ஆண்டு முழுமைக்கும் நீட்டித்தான் விற்கிறார்கள்.

டிராக்கர் கூட்டித் தருவது நேரடி வெயிலை மட்டும்தான். மேகத்திலும் ஈரப்பதத்திலும் சிதறி வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் லாபம் இல்லை. சொல்லப்போனால் அந்த நேரத்தில் படுத்திருக்கும் பேனலே அதிகம் வாங்கும். இரண்டு பக்கமும் கடல் உள்ள உங்கள் ஊரில் தெளிந்த நாளிலும் வானத்தில் வெண்படலம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் நேரடி வெயில் இன்னும் குறைவு. இதையெல்லாம் சேர்த்து ஆண்டுக் கணக்குப் போட்டால், கிழக்கு மேற்காக மட்டும் திரும்பும் ஒற்றை அச்சு டிராக்கருக்கு 15 முதல் 18 சதவீதம் எதிர்பார்க்கலாம். இரட்டை அச்சு அதற்கு மேல் ஒரு 3 முதல் 5 சதவீதம் தரும்.

இரண்டாவது அச்சு இவ்வளவு குறைவாகத் தருவதற்குக் காரணம் நீங்கள் இருக்கும் இடம். தங்கச்சிமடம் 9.3 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்டு 29-ஐ ஒட்டியும் சூரியன் உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், பிற்பகல் 12.13 வாக்கில் நட்ட கம்பிக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், அதிகபட்சம் 14 பாகை. மார்கழியில் தெற்கே 33 பாகை வரை போகும். பேனலைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்து அசையாமல் வைத்தாலே, ஜூனிலும் டிசம்பரிலும் நண்பகல் கதிர் நேர்க்கோட்டிலிருந்து 23, 24 பாகைதான் விலகும். அந்த விலகலில் போவது 8, 9 சதவீதம், அதுவும் ஆண்டின் இரண்டு ஓரங்களில் மட்டும். மற்ற மாதங்களில் இழப்பு இன்னும் சொற்பம். வடக்கு தெற்காகத் திருப்ப ஒரு மோட்டாரும் அதற்கொரு கியரும் வைப்பதற்கு உங்கள் ஊர்ச் சூரியன் காரணமே தரவில்லை.

அடுத்தது உங்கள் மேற்குத் தென்னைகள். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் அது பெரிய விஷயம். மாடித் தளம் தரையிலிருந்து 3.5 மீட்டர் என்று கொண்டால், தளத்திலிருந்து மரத்தின் தலை 11.5 மீட்டர் உயரம், தூரம் 12 மீட்டர். சூரியன் மேற்கில் 44 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஓலை நிழல் மாடியின் மேற்கு ஓரத்தைத் தொடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது பிற்பகல் 3.15 மணி. டிராக்கர் கூடுதலாகச் சம்பாதிப்பது காலை 9 மணிக்கு முன்னும் பிற்பகல் 3 மணிக்குப் பின்னும்தான். நடுப்பகலில் அதுவும் ஸ்டாண்டும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக, கூடுதல் வருமானத்தில் பாதியைத் தென்னை எடுத்துக்கொள்ளும். ஆறு பேனலும் ஒரே தொடரில் இருப்பதால், ஒன்றிரண்டில் விழும் ஓலை நிழல்கூட வரிசை முழுவதையும் கீழே இழுக்கும். இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. பேனல் வரிசையை மாடியில் 5 மீட்டர் கிழக்கே தள்ளி வையுங்கள். நிழல் 40 நிமிடம் தாமதமாக வரும்.

இனி ரூபாய்க் கணக்கு. உங்கள் பகுதியில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4.2 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 3.24 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,950 யூனிட். இரட்டை அச்சுக்கு 20 சதவீதம் என்று போட்டு, தென்னைக்கும் காற்றுக்கும் 4 சதவீதத்தை மட்டும் கழித்து 16 என்று எடுத்தால் கூடுதல் 790 யூனிட். யூனிட்டுக்கு ₹6 மிச்சம் என்றால் ஆண்டுக்கு ₹4,750 வாக்கில். ₹1,10,000 திரும்பி வர 23 ஆண்டு ஆகும், இடையில் ஒரு மோட்டார்கூடப் போகாமல் இருந்தால்.

இப்போது ஆறு பேனலுக்குப் பதில் ஏழு பேனல் போடுங்கள். கூடுதல் 16.7 சதவீதம். அவ்வளவுதான். உங்கள் விலைப்பட்டியலில் ஒரு பேனலுக்கு ₹14,500 போட்டிருக்கிறது. நீட்டிக்கும் ரெயிலுக்கும் இரண்டு காலுக்கும் ₹3,500 சேர்த்தாலும் ₹18,000. அசையும் பாகம் எதுவும் கிடையாது. மாடியில் 2.6 சதுர மீட்டர் கூடுதல் இடம் போகும், உங்களிடம் இடம் இருக்கிறது. இடமே இல்லாத சின்ன மாடிக்காரர் கேட்டால்தான் இந்தக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டிவரும்.

ஏழு பேனலானால் 3.78 கிலோவாட். 3 கிலோவாட் இன்வெர்ட்டரில் இது நடக்குமா என்று விற்பவர் தயங்கலாம். இன்வெர்ட்டரின் தகவல் தாளில் அதிகபட்ச டி.சி. உள்ளீடு 4 கிலோவாட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, உள்ளீட்டு வோல்ட் உச்சம் 500-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த நிலையில் பேனலுக்கு 50 வோல்ட், ஏழுக்கு 350. தாராளமாக அடங்கும். வெயிலில் பேனலின் செல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாகி, அதனால் மட்டுமே 10 முதல் 12 சதவீதம் இழக்கிறது என்பதால், 3.78 கிலோவாட் பேனல் முழு 3.78-ஐக் கொடுக்கும் நேரம் அநேகமாக வராது. 3 கிலோவாட்டுக்கு மேல் வருவதை இன்வெர்ட்டர் வெட்டிவிடும், அதில் போகும் மின்சாரம் மிகக் கொஞ்சம்.

மானியத்துக்கும் டிராக்கருக்கும் சம்பந்தம் இல்லை. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ₹78,000-தான் உச்சம்; டிராக்கருக்கென்று தனித்தொகை கிடையாது, ஏழாவது பேனலுக்கும் கிடையாது. ஆனால் மானியம் வாங்கும் அமைப்பில் எல்லாப் பேனலும் உள்நாட்டு செல் கொண்ட டி.சி.ஆர். வகையாக இருக்க வேண்டும், ஏழாவதும் சேர்த்து. விண்ணப்பத்தில் எழுதும் கிலோவாட்டும் மாட்டும் பேனலும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு முன்பே ஏழு பேனல் என்று சொல்லிவிடுங்கள்.

டிராக்கர் காலையிலும் மாலையிலும் மின்சாரத்தைப் பரப்பித் தருகிறது என்ற வாதமும் வரும். உண்மைதான். நெட் மீட்டர் உள்ள வீட்டுக்கு அதனால் பயனில்லை. நண்பகலில் வெளியே போன யூனிட் இரண்டு மாத பில்லில் கழிந்துவிடுகிறது.

காற்று என்ன செய்யும்

பணம் ஒரு பொருட்டில்லை என்பவருக்கும் நான் தங்கச்சிமடத்தில் மாடி டிராக்கர் வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் காற்று. கட்டடங்களுக்கான காற்றுச்சுமை பற்றிய இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதன் அடிப்படைக் கணக்கு எளியது: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 540 வாட் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, நிமிர்ந்து நிற்கும் ஒரு பேனலை 44 கிலோ விசையில் தள்ளுகிறது. 160 கிலோமீட்டர் புயலில் அது 310 கிலோ. ஆறு பேனலுக்கு ஏறத்தாழ 1.9 டன்.

அந்த 1.9 டன்னும் பாய்மரத்தின் மேல் விழுவதுபோல ஒரே கம்பத்தின் மேல் விழுகிறது. கம்பத்தின் உயரம் 2.5 மீட்டர் என்றால் அடியில் வரும் முறிப்பு விசை 4.7 டன்–மீட்டர். அடித்தகட்டில் 30 செ.மீ. இடைவெளியில் நான்கு போல்ட் இருந்தால், காற்று வரும் பக்கத்து இரண்டு போல்ட்டும் ஒவ்வொன்றும் 7, 8 டன் இழுவையைத் தாங்க வேண்டும். வீட்டுத் தளம் பொதுவாக 5 அங்குலம்தான். போல்ட் அறுகிறதோ இல்லையோ, அதைச் சுற்றியுள்ள காங்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வந்துவிடும். இதைத் தடுக்கக் கீழே தூண் இருக்கும் இடத்தில், தூணின் கம்பியோடு பிணைத்துப் புதுப் பீடம் எழுப்ப வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அது தளத்தை உடைக்கும் வேலை, விற்பவரின் விலைப்பட்டியலில் இருக்காது.

"காற்று அடித்தால் டிராக்கர் தானாகப் படுத்துவிடும்" என்று பதில் வரும். படுக்க வைப்பதற்குக் காற்றுமானி வேலை செய்ய வேண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டி வேலை செய்ய வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மின்வாரியம் முன்னெச்சரிக்கையாக லைனை நிறுத்தும். லைன் நின்றதும், லைன்மேனின் பாதுகாப்புக்காக உங்கள் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். டிராக்கர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியின் உடல்நலத்தை நம்பித்தான் அப்போது 1.9 டன் விஷயம் நிற்கிறது. சூட்டில் கிடந்த அந்த பேட்டரியை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எந்த வீட்டிலும் நினைவிருப்பதில்லை.

புயல் எப்போதோ வருவது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஆண்டுதோறும் வரும். வைகாசி முதல் ஆவணி வரை மதியத்துக்கு மேல் அது வலுத்து வீசும்போது, ஒழுங்காக வேலை செய்யும் டிராக்கர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படுத்தே கிடக்கும். அதாவது வானம் திறந்து வெயில் அடிக்கும் மாதங்களில், அதன் கூடுதல் சம்பாத்தியத்துக்குரிய மாலை நேரத்தில், அது படுத்த பேனல். படுக்காமல் நின்றால் கியர் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியில் பேனல் தளம் இடைவிடாமல் ஆடும். அந்த ஆட்டத்தில் பல் தேயும், இடைவெளி கூடும், ஆட்டம் இன்னும் கூடும்.

உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில்தான் களம் அமைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்றில், பேனலைத் தள்ளித் திருப்பும் டிராக்கர் தண்டு நாளெல்லாம் நீண்டு சுருங்கும்போது, அதன் ரப்பர் சீலைத் தாண்டி உப்பு உள்ளே போகும். திரும்பும் எல்லையில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சின் செம்புத் தொடுமுனை பச்சை பிடிக்கும். திரும்பித் திரும்பி வளையும் கேபிளில், கம்பத்தை ஒட்டிய இடத்தில் உறை வெடிக்கும். வெயிலைத் தேடும் ஒளி உணரியின் மேல் உப்புப் படிந்தால் டிராக்கர் தவறான பக்கம் பார்த்து நிற்கும், அப்போது உற்பத்தி ஸ்டாண்டைவிடவும் குறையும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். உங்களிடம் சொன்ன டிராக்கரின் மோட்டாருக்கும் பெட்டிக்கும் எத்தனை ஆண்டு, உதிரிபாகம் ராமநாதபுரத்தில் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

டிராக்கர் பொருத்தமே இல்லாத சாதனம் என்று சொல்லவில்லை. பல ஏக்கர் சோலார் பண்ணையில் ஒரே மோட்டார் பல பத்து பேனலை ஒரு நீண்ட தண்டில் தாழ்வாகத் திருப்புகிறது. ஒரு வாட்டுக்கு விழும் செலவு குறைவு, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். சூரிய பம்பிலும் அர்த்தம் உண்டு. பம்பு ஓர் அளவு வெயில் வந்தால்தான் தண்ணீரை மேலே தூக்கும், காலை 7.30 மணிக்கே அந்த அளவைத் தொட்டுவிட்டால் இறைக்கும் நேரமே நீள்கிறது, ஆகவே தண்ணீரின் கூடுதல் மின்சாரத்தின் கூடுதலைவிட அதிகம். அங்கும் மோட்டார் தேவையில்லை. காலை கிழக்கு, நண்பகல் நேர், மாலை மேற்கு என்று கையால் மூன்று முறை திருப்பிப் பூட்டாணி செருகி நிறுத்தும் ஸ்டாண்டு போதும். உள்ளே, முதுகுளத்தூர் கமுதிப் பக்கம் தோட்டம் இருந்து, பகலில் ஆள் இருந்தால் அதைப் பரிந்துரைப்பேன்.

ஸ்டாண்டைப் பருவத்துக்கு ஒருமுறை கையால் வடக்கு தெற்காக மாற்றலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 3, 4 சதவீதம் வரும். அதற்காக ஆண்டுக்கு இரண்டு தடவை போல்ட்டைக் கழற்றி மாட்டினால் கடற்கரையில் மரை பிடித்துக்கொள்ளும், ஜிங்க் உரியும். ஒரே முறை முறுக்கி அப்படியே விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டை இப்படிச் செய்யச் சொல்லுங்கள்

சாய்வு 10 பாகை, தெற்கு நோக்கி. இதைவிடக் குறைத்தால் கீழ் ஓரச் சட்டத்தில் மழைநீரும் அழுக்கும் தேங்கும்; கூட்டினால் காற்றுச்சுமை ஏறும், மின்சாரம் ஏறாது. "மாடியைப் புழங்கலாம்" என்று 8 அடி உயரத்தில் ஸ்டாண்டு எழுப்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முன்கால் 40 செ.மீ., பின்கால் 63 செ.மீ., இரண்டுக்கும் இடையே 1.3 மீட்டர்: இதில் 10 பாகை சரியாக வரும். பேனலின் கீழ் ஓரம் தளத்திலிருந்து 31 செ.மீ. உயரத்தில் இருக்கும், அடியில் காற்றோட்டம் கிடைக்கும், துடைப்பமும் போகும். ஏழு பேனல் ஒரே வரிசையில் 8.1 மீட்டர் வரும். கால் ஜோடிகள் 1.8 மீட்டர் இடைவெளியில் 5, ஆக 10 கால். கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். மாடியின் மூலையிலும் ஓரத்திலும்தான் காற்றின் மேல்நோக்கிய உறிஞ்சல் அதிகம்.

இந்த அமைப்பில் 160 கிலோமீட்டர் காற்றின் இழுப்பு 2 டன்னைத் தாண்டினாலும் பத்துக் காலுக்குப் பகிர்ந்து, காலுக்கு ஏறத்தாழ 220 கிலோதான். கம்பத்தின் 7, 8 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசியது என்பதையும் மனத்தில் வைத்து, பிடிப்பில் இரண்டு மடங்கு தாராளம் காட்டச் சொல்லுங்கள். 30 செ.மீ. கனசதுர காங்கிரீட் கட்டை 65 கிலோதான். பத்துக் கட்டையும் பேனலும் ஸ்டாண்டும் சேர்ந்து ஒரு டன். எடையை நம்பிக் கட்டையை வெறுமனே தூக்கி வைப்பது இங்கே ஆகாது. கட்டை தளத்தோடு பிடிக்க வேண்டும்.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. தட்டோட்டுக்கு அடியில் 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இருக்கும். 4 அங்குல போல்ட்டை மேலிருந்து அடித்தால் முழுக்க அந்தச் சுருக்கியிலேயே நிற்கும், காங்கிரீட்டைத் தொடாது; ஒரு கச்சானில் ஆடத் தொடங்கிவிடும், வழியாக மழைநீரும் இறங்கும். கட்டை வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்து, காங்கிரீட் தளம் தெரியவிட்டு, 12 மி.மீ. கெமிக்கல் ஆங்கர் (பசையால் பிடிக்கும் போல்ட்) காலுக்கு இரண்டு, தளத்துக்குள் 80 மி.மீ. ஆழம் இறக்க வேண்டும். துளையை 14 மி.மீ. போட்டு, கம்பி பிரஷால் துலக்கி, ஊதி, மறுபடி துலக்கி, ஊதி, அதன் பிறகே பசையைச் செலுத்த வேண்டும். துளைக்குள் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும். பசை இறுகும் நேரம் குழாயில் போட்டிருக்கும். அதற்கு முன் நட்டு முறுக்கக் கூடாது. பிறகு கட்டை வார்த்து, சுற்றிலும் நீர்க்காப்புக் கலவையால் சரிவு கொடுத்து மூடுங்கள். கட்டைகளை இயன்றவரை பீம் போகும் வரிசையில் அமையுங்கள்.

அடுத்த வீட்டு ஸ்டாண்டு மூன்றே ஆண்டில் உதிர்ந்ததற்கு விடை ஜிங்க்கின் தடிமனில் இருக்கிறது. கடையில் வரும் ஜி.ஐ. சதுரக் குழாயும் சேனலும் பெரும்பாலும் தகடாக இருக்கும்போதே பூச்சு போட்டவை. ஒரு பக்கத்துக்கு 19, 20 மைக்ரான்தான் இருக்கும். கடலோரக் கடும் அரிமானப் பகுதியில் ஜிங்க் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் கரையும் என்பது உலகத் தர அளவு. 20 மைக்ரான் இரண்டரை முதல் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். வெட்டிய முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் அதுகூட இல்லை. செய்து முடித்த பாகத்தை உருகிய ஜிங்க்கில் முழுக்கி எடுக்கும் முறையில், ஐ.எஸ். 4759 தரப்படி, 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான் ஏறும். அதே காற்றில் அது 10 முதல் 20 ஆண்டு நிற்கும். ஆகவே கால்கள் 5 மி.மீ. ஆங்கிள், எல்லா வெட்டும் துளையும் வெல்டிங்கும் முடிந்த பிறகே முழுக்குக்குப் போக வேண்டும். மாடியில் வந்து வெல்டிங் வைப்பதோ துளை போடுவதோ கூடாது. பொருள் வந்ததும் பூச்சுத் தடிமன் மானி கொண்டுவந்து உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள், காலுக்கு மூன்று இடத்தில். ரெயில், ஆனோடைஸ் செய்த அலுமினியம் 6063 டி6 வகை.

போல்ட்டும் நட்டும் வாஷரும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 வகை. தலையில் ஏ4-70 என்று பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். 304-இல் ஓராண்டிலேயே தேநீர்க் கறை போலத் துரு படரும். மலிவான 202 வகையும் கடையில் எஸ்.எஸ். என்றே விற்கிறது, காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள், அது எதையும் நிரூபிக்காது. எஸ்.எஸ். நட்டு, போல்ட்டிலேயே கடித்துக்கொள்ளும் சுபாவம் உடையது. மரையில் பிடிப்பு எதிர்ப்புப் பசையைத் தடவி, மின்துரப்பணத்தால் வேகமாக ஓட்டாமல், கையால் முறுக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தில் செம்புக் கம்பியை நேரடியாகப் படவிடக் கூடாது, உப்பு ஈரத்தில் அலுமினியம் தின்னப்பட்டுவிடும். எர்த் இணைப்புக்கு வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டையும் இரு உலோக லக்கும் வையுங்கள்.

பேனலை ரெயிலில் பிடிக்கும் கிளாம்பு, பேனல் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் அமைய வேண்டும். ரெயில் எங்கே இருக்கிறதோ அங்கே அல்ல. இரண்டு பேனலுக்கு நடுவில் வரும் கிளாம்பு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஓரப் பேனலைக் காற்று தூக்கினால் அடுத்ததின் பிடியும் போய், வரிசை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று பறக்கும். அதைத் தடுக்க இரு ஓரப் பேனல்களிலாவது, சட்டத்தின் அடியில் இருக்கும் துளை வழியாக 8 மி.மீ. போல்ட்டும் போட்டு ரெயிலோடு பூட்டுங்கள். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புப்புகைச் சோதனைச் சான்று, கடும் நிலை 6, இருக்கிறதா என்று கேளுங்கள். பேனல் கேபிள்களைக் கோக்கும் எம்.சி.4 இணைப்பான்களில் ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும்; தளத்தில் கிடந்து தண்ணீரில் ஊறாதபடி சட்டத்தோடு தூக்கிக் கட்டுங்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம், படிக்கட்டுக்கு அடியில் காற்றோட்டமுள்ள நிழல் நல்லது.

மாசியிலிருந்து ஆவணி வரை மழை அரிது. உப்பும் தூசியும் காக எச்சமும் சேர்ந்து பேனலை மறைக்கும். அதில் போவது 5 சதவீதத்துக்குக் குறையாது, எச்சம் விழுந்த இடம் சூடேறி, அங்குள்ள சூரிய செல்லும் கெட்டுப்போகும். பத்து நாளைக்கு ஒருமுறை, காலை 7 மணிக்கு முன், பேனல் குளிர்ந்திருக்கும்போது பஞ்சு மாப்பால் துடையுங்கள். ஏழு பேனலுக்கு 15 லிட்டர் தண்ணீர் போதும். உப்புக் கிணற்று நீரும் போர்வெல் நீரும் கண்ணாடியில் வெள்ளைப் படிவு விடும், ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம். காவிரிக் குடிநீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

கச்சான் தொடங்குமுன் சித்திரைக் கடைசியிலும், வாடை தொடங்குமுன் புரட்டாசியிலும் எல்லா போல்ட்டையும் முறுக்கமானியால் சரிபார்க்க ஆள் வர வேண்டும். முதல் ஐந்து ஆண்டுக்கு இந்த இரண்டு வருகையையும், 610 கிராம் ஜிங்க், எஸ்.எஸ். 316, தளத்துக்குள் 80 மி.மீ. ஆங்கர் என்ற மூன்றையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.